ஆன்பீல்டு மைதானத்து வழக்கு

இங்கிலாந்து தேசத்தில் லிவர்ப்பூல் என்னும் துறைமுகப் பட்டணத்திலே ஆன்பீல்டு என்று ஒரு கால்பந்து மைதானம் இருக்கிறது. அதன் ஒரு கோடியில் உள்ள காலரியை அவ்வூர் ஜனங்கள் 'காப்' என்று அழைக்கிறார்கள். அந்தப் பெயரின் பூர்வோத்தரத்தை விசாரித்துக்கொண்டு போனால், அது தென்னாப்பிரிக்காவில், நேட்டால் பிரதேசத்துக் குன்று ஒன்றில் போய் முடியும். 1900-ஆம் வருஷம் ஜனவரி மாதத்தில், ஆங்கிலேயருக்கும் போயர்களுக்கும் நடந்த யுத்தத்தில், ஸ்பியான் காப் என்ற அந்தக் குன்றின் உச்சியில் ஆங்கிலச் சிப்பாய்கள் நூற்றுக்கணக்கில் மாண்டார்கள். லங்காஷயர் பட்டாளங்களைச் சேர்ந்தவர்கள் அவர்களில் மிகப் பலர். ஆறு வருஷங்களுக்குப் பின் ஆன்பீல்டில் உயரமான படிமேடை ஒன்றை எழுப்பியபோது, எர்னஸ்ட் எட்வர்ட்ஸ் என்ற உள்ளூர்ப் பத்திரிகைக்காரர், அந்தக் குன்றின் பெயரையே அதற்குச் சூட்டினார்.

அந்தக் குன்றின் அடிவாரத்தில் நம்மவர்களும் இருந்தார்கள். காந்தியடிகள் அப்போது நேட்டாலில் வக்கீலாக இருந்தார். காயமடைந்தவர்களைத் தூக்கிச் செல்வதற்காக அவர் திரட்டிய இந்தியர் படையில் சுமார் 1,100 பேர் இருந்தனர். சுமார் 300 பேரைத் தவிர மற்றவர்களெல்லாம் ஒப்பந்தக் கூலிகள். நேட்டாலுக்குப் போன ஒப்பந்தக் கூலிகளில் பெரும்பாலோர் சென்னைத் துறைமுகத்தில் கப்பலேறியவர்கள் என்பதை நேயர்கள் அறிவார்கள். ஸ்பியான் காப் போரில் இவர்கள் குண்டு விழும் எல்லைக்குள்ளேயே புகுந்து, அடிபட்ட சிப்பாய்களைத் தூளியில் சுமந்து, நாளொன்றுக்கு இருபது இருபத்தைந்து மைல் நடந்தார்கள். ஆகவே, லிவர்ப்பூல்காரர்களின் மைதானத்து வழக்கில் நாமும் சிறிது காது கொடுத்துக் கேட்டால் அதிகப்பிரசங்கம் ஆகாது.

வழக்கு என்னவென்றால், பழைய மைதானத்தை என்ன செய்வது என்பதுதான். அதை விஸ்தரித்துப் பெரிதாக்குவதா, அல்லது கைவிட்டு வேறிடத்தில் புதிதாகக் கட்டிக்கொண்டு போவதா?

இட வழக்கு என்பது இந்த மைதானத்தின் ஜாதகத்திலேயே எழுதியிருக்கிறது. 1884-ல் இங்கே முதன்முதலில் ஆடியவர்கள் லிவர்ப்பூல் கோஷ்டியார் அல்லர், எவர்ட்டன் கோஷ்டியார். மைதானத்தின் சொந்தக்காரர் ஜான் ஹௌல்டிங் என்ற சாராயத் தொழில் முதலாளி. வாடகையைப் பற்றி அவருக்கும் கிளப்பாருக்கும் மனஸ்தாபம் முற்றி, 1892-ல் எவர்ட்டன்காரர்கள் மூட்டை கட்டிக்கொண்டு, ஸ்டான்லி பூங்காவுக்கு அப்புறத்தில் இருந்த குடிஸன் பார்க்குக்குப் போய்விட்டார்கள். மைதானம் இருக்கிறது, ஆட ஆளில்லை! ஹௌல்டிங் சும்மா இருப்பாரா? புதிதாக ஒரு கிளப்பையே ஸ்தாபித்து விட்டார். அதுதான் லிவர்ப்பூல் கிளப். கிளப்புக்காக மைதானம் தேடுவது உலக வழக்கம். இங்கே மைதானத்துக்காகக் கிளப் தேடினார்கள்.

விஸ்தரிப்புப் பிரச்னை எழுந்ததற்கும் ஒரு துக்கமான காரணம் உண்டு. பழைய காலத்தில் காப் மேடையில் ஆசனங்கள் கிடையா. சுமார் 28,000 பேர் வரையில் நெருக்கியடித்து நின்றுகொண்டே ஆட்டம் பார்ப்பார்கள். 1989 ஏப்ரல் 15-ந் தேதி, ஷெபீல்டு நகரத்து ஹில்ஸ்பரோ மைதானத்தில் லிவர்ப்பூல் ஆட்டத்தைப் பார்க்கப் போன ரசிகர்கள், கம்பி வேலிக்குள் நெருக்குண்டு மாண்டார்கள். மாண்டவர் தொகை 97. நீதிபதி டெய்லர் விசாரணை செய்து, பெரிய மைதானங்களில் எல்லாரும் உட்கார்ந்துதான் ஆட்டம் பார்க்க வேண்டும் என்று சிபாரிசு செய்தார். 1994-ல் பழைய காப் மேடை இடிக்கப்பட்டு ஆசனங்கள் வந்தன. உயிருக்கு அபாயம் நீங்கியது. ஆனால் இடம் பாதிக்கு மேல் குறைந்தது. காப்பில் இப்போது சுமார் 12,000 பேர்தான் உட்காரலாம்.

மைதானம் முழுவதும் சேர்ந்து சுமார் 45,000 பேருக்குத்தான் இடம் இருந்தது. அண்டையிலுள்ள மான்செஸ்டரில் ஓல்டு டிராபோர்டு மைதானமோ ஏறக்குறைய 75,000 பேரைக் கொள்ளும். லண்டனில் ஆர்ஸனல் கிளப்பார், 93 வருஷம் ஆடிய ஹைபரி மைதானத்தை 2006-ல் விட்டு, 60,000 பேர் கொள்ளும் புது மைதானத்துக்குப் போனார்கள். பழைய இடத்தில் குடியிருப்பு வீடுகள் எழுந்துவிட்டன. லிவர்ப்பூலிலோ சீஸன் டிக்கெட்டுக்குப் பெயர் பதிந்தவர்கள் வருஷக்கணக்கில் காத்துக் கிடந்தார்கள்.

ரசிகர்கள் இரு கட்சியாகப் பிரிந்தார்கள். "போய்விடலாம்" என்ற கட்சியார் சொன்னார்கள்: "டிக்கெட் வருமானம் உள்ள கிளப்தான் நல்ல ஆட்டக்காரர்களை வைத்துக்கொள்ள முடியும். இந்த இடமோ நாலு புறமும் வீதிகளுக்கு நடுவே சிக்கிக்கொண்டிருக்கிறது. பழைய சுவரைக் கட்டிக்கொண்டு அழுவதனால் கோப்பை வந்துவிடுமா?" "இருப்போம்" என்ற கட்சியார் சொன்னார்கள்: "கிளப்பை இந்த நிலைக்கு உயர்த்திய பில் ஷாங்க்லி 1981-ல் காலமானபோது, அவருடைய அஸ்தியை இந்தப் புல் தரையில்தான் தூவினோம். புது இடத்துக்கு நாற்காலியை எடுத்துப் போகலாம். இதை எப்படி எடுத்துப் போவது?"

இரண்டு வாதங்களிலும் நியாயம் உண்டு. ஆனால் வழக்கைத் தீர்த்தவை இந்த வாதங்கள் அல்ல. ஸ்டான்லி பூங்காவில் புது மைதானம் கட்டும் யோசனை 2002-ல் வெளியாயிற்று. 2007-ல் கிளப்பை விலைக்கு வாங்கிய இரண்டு அமெரிக்க முதலாளிகள், அறுபது நாளைக்குள் மண்வெட்டி பூமியில் விழும் என்று வாக்களித்தார்கள். அறுபது நாள் போயிற்று; ஆண்டுகளும் போயின; மண்வெட்டி விழவில்லை. கிளப்பை வாங்கியதே கடன் பணத்தில். போதாததற்கு 2008-ல் உலகமெங்கும் பணமுடை வந்து சேர்ந்தது. 2010-ல் விவகாரம் லண்டன் உயர் நீதிமன்றம் வரையில் போய், கிளப் வேறு அமெரிக்க முதலாளிகளின் கைக்கு மாறியது. 2012-ல் இவர்கள், பூங்காத் திட்டத்தைக் கைவிட்டு ஆன்பீல்டையே விஸ்தரிப்பதென்று முடிவு செய்தார்கள்.

"இருப்போம்" கட்சியார் ஜயகோஷம் செய்தார்கள். ஆனால் விஸ்தரிப்பதற்கு இடம் எங்கிருந்து வரும்? பின்னால் இருந்த வீடுகளிலிருந்துதான் வரவேண்டும்.

மைதானத்தின் மற்றொரு பக்கத்தில் கெம்லின் ரோடு என்று ஒரு வீதி இருந்தது. காலரியைப் பெரிதாக்குவதற்காகக் கிளப்பார் அவ்வீதி வீடுகளை வாங்கி இடித்துக்கொண்டு வந்தபோது, வயதான சகோதரிகள் இருவர் தங்கள் வீட்டைக் கொடுக்க மறுத்துவிட்டார்கள். அக்கம்பக்கமெல்லாம் தரைமட்டமான பிறகும் அந்த ஒரு வீடு பல காலம் நின்றது. கடைசியில் அவர்கள் இசைந்த பிறகே, 1992-ல் அந்தக் காலரி முழுமை பெற்றது. இன்று கெம்லின் ரோடு என்ற வீதியே இல்லை.

பிரதான காலரிக்குப் பின்னால் இருந்த தெருக்களின் கதை இன்னும் வருத்தமானது. 1990-களிலிருந்து கிளப்பார் அங்கே வீடுகளை வாங்கி, குடிவைக்காமல் பூட்டியே வைத்திருந்தார்கள். பூட்டிய வீடுள்ள தெருவின் கதி நமக்குத் தெரியாததா? ஜன்னலுக்குப் பலகை அடிப்பார்கள். பக்கத்து வீட்டுக்காரன் மனம் வெறுப்பான். வீட்டின் விலை விழும். அவனும் வந்த விலைக்கு விற்றுவிட்டுப் போவான். பூங்காவுக்குப் போவதா, இங்கேயே இருப்பதா என்று கிளப் வருஷக்கணக்கில் ஊசலாடிய காலமெல்லாம் இந்த ஏழைக் குடும்பங்களும் ஊசலாடின. இரு கட்சி ரசிகர்களும் சண்டை போட்டுக்கொண்டிருக்க, சண்டைக்கு விலை கொடுத்தவர்கள் மூன்றாவது கட்சியார். கடைசியில் அந்த வீடுகள் இடிபட்டன.

வேலை 2014 டிசம்பரில் ஆரம்பமாயிற்று. பொறியியல் வல்லவர்களின் சாமர்த்தியத்தைப் போற்றத்தான் வேண்டும். பழைய காலரியில் ஜனங்கள் உட்கார்ந்து ஆட்டம் பார்த்துக்கொண்டிருக்கும்போதே, அதன் முதுகுக்குப் பின்னால் புதுக் காலரியின் உருக்குச் சட்டங்கள் எழுந்தன. கூரையைத் தாங்கும் உத்தரம் மாத்திரம் ஏறக்குறைய 140 மீட்டர் நீளம், 650 டன் எடை. நடுவில் தூண் மறைக்காமல் எல்லாரும் ஆட்டம் பார்க்கலாம். பத்துக் கோடிப் பவுனுக்கு மேல் செலவாயிற்று. 2016 செப்டம்பரில், சுமார் 8,500 ஆசனங்கள் கூடி, மைதானம் 54,000 பேர் கொள்ளுமளவுக்கு வளர்ந்தது.

ஆனால் புதுக் காலரி திறப்பதற்கு முன்பே வேறொரு புயல் அடித்தது. அந்த வருஷம் பிப்ரவரியில், வரப்போகும் ஆசனங்களில் உயர்ந்த டிக்கெட்டின் விலை 77 பவுன் என்று கிளப்பார் அறிவித்தார்கள். அதற்கு முன் இருந்த உச்ச விலை 59 பவுன். இடம் போதாது என்றுதானே விஸ்தரித்தார்கள்? விஸ்தரித்த இடத்தில் பழைய ரசிகன் காலடி வைக்க முடியாதென்றால் அது யாருக்காக?

பிப்ரவரி 6-ந் தேதி ஸண்டர்லாண்டு கோஷ்டியுடன் ஆட்டம். லிவர்ப்பூல் இரண்டு கோல் முன்னால் இருந்தது. சரியாக 77-ஆவது நிமிஷத்தில் சுமார் 10,000 பேர் எழுந்து வெளியே நடந்துவிட்டார்கள். கல்லெறியவில்லை, கதவை உடைக்கவில்லை, ஜயிக்கும் ஆட்டத்தை விட்டுவிட்டுப் போனார்கள். ஒத்துழையாமை என்றால் இன்னதென்று நமக்கு யாரும் பாடம் சொல்ல வேண்டியதில்லை. அவர்கள் போன பிறகு எதிர்க்கட்சி இரண்டு கோல் போட்டு, ஆட்டம் சமமாக முடிந்தது. நாலு நாளைக்குள் முதலாளிகள் மன்னிப்புக் கேட்டுக் கடிதம் எழுதி, 77 பவுன் டிக்கெட்டை ரத்து செய்தார்கள்.

பிறகு ஆன்பீல்டு ரோடு பக்கத்துக் காலரியும் 2021-ல் வேலை துவங்கி, நடுவில் கட்டட கண்டிராக்டர் கம்பெனி நொடித்துப் போனதால் தாமதப்பட்டு, 2024-ல் முழுவதும் திறந்தது. இப்போது 61,000 பேர் வரையில் உட்காரலாம். பூங்காவுக்கு அப்புறத்து எவர்ட்டன்காரர்கள் மாறுபட்ட வழியைப் பிடித்தார்கள். 1892-லிருந்து ஆடிய குடிஸன் பார்க்கில், ஆண்கள் கோஷ்டி 2025 மே மாதம் கடைசி ஆட்டம் ஆடியது. பிறகு மெர்ஸி நதிக்கரையில், பழைய பிராம்லி மூர் கப்பல் துறையில் கட்டிய புது மைதானத்துக்குப் போனார்கள். அவர்களுடைய பெண்கள் கோஷ்டி குடிஸனிலேயே ஆடுகிறது. புது இடத்தையும் ஒரு வழக்கு விடவில்லை. துறைமுகக் கரையில் எழுந்த புதுக் கட்டடங்களைக் காரணங் காட்டி, 2021-ல் யுனெஸ்கோ லிவர்ப்பூலை உலக பாரம்பரிய ஸ்தலங்களின் ஜாபிதாவிலிருந்து நீக்கியது; அக்காரணங்களில் இந்த மைதானமும் ஒன்று.

ஆக, போனாலும் நஷ்டம் உண்டு. இருந்தாலும் நஷ்டம் உண்டு. பழமை போய்விடும் என்று பயந்தவர்கள் ஆன்பீல்டைப் பார்த்து ஆறுதலடையலாம். காப் மேடை இடிபட்டது. பிரதான காலரி மாறியது. ஆயினும் இடத்தின் ஜீவன் போகவில்லை. செங்கல்லை மாற்றினால் ஜீவன் போகாது. அந்த இடத்தை நம்முடையது என்று நினைக்கும் ஜனங்களை வெளியே நிறுத்தினால்தான் போகும். அந்த ஜனங்கள் இரண்டு வகை: உள்ளே உட்காருபவர்கள் ஒரு வகை, சுவருக்கு வெளியே குடியிருப்பவர்கள் மற்றொரு வகை. முதல் வகையாருக்கு எழுந்து வெளியேறும் பலம் இருந்தது. அதனால் அவர்கள் குரல் எடுபட்டது. இரண்டாவது வகையார் எழுந்து போனபோது ஒருவரும் கணக்கெடுக்கவில்லை. அவர்கள் போனதுதான் விஸ்தரிப்புக்கு வசதியாயிற்று!

எந்த ஊரில் எந்தப் பொதுக் கட்டடத்தைப் பெரிதாக்குவதானாலும், வரைபடத்தைப் பார்ப்பதற்கு முன் கேட்க வேண்டிய கேள்விகள் இரண்டு உண்டு. இதற்காக எந்தத் தெரு மறையப் போகிறது? அந்தத் தெருக்காரர்களுக்கு உடனே, உள்ளபடி விஷயத்தைச் சொல்லி, உரிய விலையைக் கொடுத்தாயிற்றா? இது முதல் கேள்வி. புதிதாக வரும் ஆசனத்தில் யார் உட்காரப் போகிறார்கள்? இது இரண்டாவது.

பழைய காப் மேடையின் ஒரு மூலையில் சிறுவர்களுக்கென்று கம்பியடைத்த பட்டி ஒன்று பல வருஷ காலம் இருந்தது. சொற்பக் காசு கொடுத்துப் பையன்கள் அதற்குள் புகுந்து கூச்சலிடுவார்கள். சமயம் பார்த்துக் கம்பியேறிக் குதித்துப் பெரியவர்கள் கூட்டத்தில் கலந்துவிடுவார்கள். அந்தப் பட்டி சௌகரியமான இடமல்ல. அதைத் திரும்பக் கட்டச் சொல்லி ஒருவரும் கேட்கமாட்டார்கள். ஆனால் பக்கத்துத் தெருப் பையன் கையில் இருந்த சில்லறைக்கு அங்கே ஓர் இடம் இருந்தது. 61,000 ஆசனங்களில் அவனுக்கு எத்தனை என்பதுதான் விஸ்தரிப்பின் சரியான அளவுகோல்.