ஜனாஸா வீட்டில் ஒரு வினா

நாற்பது வயதில் ஒருவர் மாரடைப்பால் மௌத்தானால், கல்முனைக் கரையில் எழும் பேச்சு ஒன்றே: "நசீபு, எண்ணெய்ச் சாப்பாட்டுக்காரர்." இறந்தவரின் சோற்றுத் தட்டை விசாரிக்கும் நாம், அவர் பிள்ளைகளின் இரத்தத்தை ஏன் விசாரிப்பதில்லை?

எல்லா மாரடைப்பும் பரம்பரையால் வருவதன்று. புகையும் நீரிழிவும் உண்டு. ஆயினும், இரத்தத்துக் கொலஸ்திரோலை அள்ளியெடுக்கும் வாங்கிகள் ஈரலில் உள்ளன. அவற்றை ஆக்கும் பரம்பரையலகு பழுதுபட்டால், கீரையுண்டு வாழ்ந்தாலும் கொலஸ்திரோல் தேங்கும். இவ்வுண்மையைக் கண்ட பிரவுன், கோல்ட்ஸ்டைன் இருவரும் 1985இல் நோபல் பரிசு பெற்றனர். ஏறத்தாழ 300 பேரில் ஒருவருக்கு இப்பரம்பரை நோய் உண்டு. அவரது ஒவ்வொரு பிள்ளைக்கும் அது வருவதற்கு இரண்டிலொரு வாய்ப்பு. நம் கரையில் குடி தாய்வழியே செல்லும். பழுதுக்கோ அந்தக் கட்டுப்பாடில்லை. மாமன் மகளை மணப்பது நம்மவர் வழக்கம். இருவரும் பழுதுடையோராயின், இருபுறமும் அதைப் பெறும் பிள்ளையின் இதயக் குழாய்கள் பள்ளிப் பருவத்திலேயே அடைபடலாம்.

ஒல்லாந்து நாட்டில் 1994 முதல் 2013 வரை, ஒரு நோயாளியைக் கண்டதும் உறவினர் வீடுகளைத் தேடிச் சென்று பரம்பரையலகைச் சோதித்தனர். அது ஏழைக்கு எட்டாதென்பர். எட்டாதிருக்கட்டும், கொலஸ்திரோலை அளக்கும் சாதாரண இரத்தப் பரிசோதனையுமா எட்டாது? எட்டு, பத்து வயதிலேயே தொடங்கத்தக்க ஸ்டாட்டின் மாத்திரையுமா?

பெண் கேட்டு வருவோர் அறிந்துவிடுவரென மறைப்போரை அறிவோம். மறைத்த வீட்டில் இரண்டாவது கத்தத்துக்கும் சென்றிருக்கிறோம்.

இலவச மருத்துவத்தைப் பெருமையாய்ப் பேசும் அரசைக் கேட்கிறோம்: ஐம்பத்தைந்து வயதுக்குள் மாரடைப்பால் இறந்தவரின் பிள்ளைகளைப் பதிவேட்டில் எழுதி, அவர்களை அழைத்துவர ஒரு தாதியை அனுப்ப எவ்வளவு செலவாகும்?