பழவேற்காட்டின் எஜமான் யார்?

"தலைப்பில் என்ன ஐயா இருக்கிறது? உள்ளே விஷயம் சரியாக இருந்தால் போதாதா?" என்று கேட்கிறவர்களைக் கண்டால் எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது. உள்ளே இருக்கும் விஷயத்தைப் படிக்கிறவர் நூற்றுக்கு எத்தனை பேர்? கலைக்களஞ்சியத்தைப் புரட்டுகிறவன் தலைப்பைப் பார்க்கிறான், முதல் இரண்டு வரியைப் பார்க்கிறான், மூடிவிடுகிறான். அவன் மனத்தில் தங்குவது தலைப்பு ஒன்றுதான். அதனால்தான் பெரிய பெரிய சர்க்கார்கள்கூடத் தலைப்புக்காகச் சண்டை போடுகின்றன.

சில காலத்துக்கு முன் ஒரு கலைக்களஞ்சியக்காரர் என்னிடம் கட்டுரை கேட்டார். எது என்று சொல்ல மாட்டேன். அவரை வம்புக்கு இழுப்பது என் நோக்கமல்ல. 2009 மே மாதத்தில் ஈழத்துப் போர் முடிந்தபின், 2010இல் வெளிநாடுகளில் வாழும் தமிழர்கள் தேர்தல் நடத்தி, பிலடெல்பியாவில் கூடி அமைத்துக்கொண்டார்களே, நாடுகடந்த தமிழீழ அரசாங்கம், அதைப் பற்றி. எழுதிக் கொடுத்தேன். அச்சுப்படி வந்தபோது தலைப்பு மாறியிருந்தது: "தமிழீழ ஆதரவு அமைப்பு (சர்ச்சைக்குரியது)". ஏன் என்று கேட்டேன். "அரசாங்கம் என்று நாம் போட்டால், அரசாங்கம் என்று நாமே ஒப்புக்கொண்டதாகிவிடாதா?" என்றார். கனடாவிலிருக்கும் என் சிநேகிதர் ஒருவரிடம் இதைச் சொல்லிப் புலம்பினேன். அவருக்கும் கோபம் வந்தது, ஆனால் என் மேல்! "நாடுகடந்த என்ற ஒட்டு எதற்கு? தமிழீழ அரசு என்று போட உனக்குத் தைரியமில்லையா?" என்றார். இரண்டு பக்கமும் அடி வாங்கும் மத்தளமானேன்.

அந்த எரிச்சலோடுதான் ஒரு ஞாயிற்றுக்கிழமை பழவேற்காட்டுக்குப் போனேன். சென்னையிலிருந்து வடக்கே அறுபது கிலோமீட்டர் இருக்கும். ஏரியைப் பார்த்தால் மனசு ஆறும் என்று நினைத்தேன். ஆறவில்லை. ஏனென்றால் அந்த ஊரே இந்த வழக்கின் பழைய சாட்சி.

1613இல் டச்சுக்காரர்கள் அங்கே கோட்டை கட்டி கெல்டிரியா என்று பெயர் வைத்தார்கள். 1690இல் நாகப்பட்டினத்துக்குப் போகும்வரை சோழமண்டலக் கரையில் அவர்களுக்குத் தலைமை இடம் அதுதான். இன்றைக்குக் கோட்டை புதர் மண்டிக் கிடக்கிறது. பக்கத்தில் கல்லறைத் தோட்டத்தின் வாசலில் இரண்டு கல் எலும்புக்கூடுகள் மட்டும் காவல் நிற்கின்றன. 1795 ஜனவரியில் பிரெஞ்சுப் படை ஹாலந்துக்குள் புகுந்தபோது, அங்கே ஆட்சித் தலைவராயிருந்த ஐந்தாம் வில்லியம் மீன்பிடி படகேறி இங்கிலாந்துக்கு ஓடினார். லண்டனுக்கு அருகே கியூ என்ற இடத்தில் உட்கார்ந்துகொண்டு பிப்ரவரியில் ஒரு சுற்றுக் கடிதம் எழுதினார். குடியேற்றங்களில் உள்ள டச்சு அதிகாரிகளே, பிரெஞ்சுக்காரன் கைக்குப் போகாதிருக்க இங்கிலீஷ்காரன் படையை நட்பு நாட்டுப் படையாக உள்ளே விடுங்கள் என்பது சாரம். ஹேக் நகரத்திலோ புதிய குடியரசு ஒன்று, "நாங்களே டச்சு அரசு" என்று உட்கார்ந்திருந்தது. நன்னம்பிக்கை முனை, கொழும்பு, கொச்சி என்று ஒவ்வோர் ஊரிலும் அதிகாரிகள் தலையைப் பிய்த்துக்கொண்டார்கள். எந்தக் காகிதம் சர்க்கார் காகிதம்? சிலர் தயங்கினார்கள், சிலர் சுட்டுப் பார்த்தார்கள். முடிவில் எல்லாம் இங்கிலீஷ்காரன் கைக்குப் போயின. பழவேற்காடும் அந்த ஆண்டே போயிற்று. 1818இல் திரும்பி டச்சுக்காரர் கைக்கு வந்து, 1824 ஒப்பந்தப்படி 1825இல் மறுபடியும் போனது வேறு கதை.

சரி, 1795 மார்ச் மாதத்தில் பழவேற்காட்டின் எஜமான் யார்? கியூவில் இருந்தவரா, ஹேக்கில் இருந்தவர்களா? இதற்குத் தீர்ப்புச் சொல்லச் சரித்திரப் பேராசிரியர்கள் இருக்கிறார்கள். ஆனால் கலைக்களஞ்சியத்தில் இதற்குக் கட்டுரை எழுதுகிறவன் தலைப்பிலேயே தீர்ப்பைச் சொல்லிவிட்டால், பேராசிரியருக்கு என்ன வேலை?

படகில் வந்த பெரியவரிடம் இதைப் பாதி விளையாட்டாகக் கேட்டேன். "ரெண்டு பேரு ஒரே பேரைச் சொல்லிக்கினா, எங்க குப்பத்துல இன்னா சார் பண்ணுவோம்? கோயிலண்ட வூட்டுக்காரன், கரையோர வூட்டுக்காரன்னு சொல்லுவோம். எவன் யோக்கியன்னா சொல்லிக்கினு இருப்போம்?" என்றார். அச்சுப்படியைத் திருத்தியவரை அந்தப் படகில் ஏற்றிப் பக்கத்தில் உட்கார வைத்திருக்கக் கூடாதா என்றிருந்தது எனக்கு.

அவரே பாட்டின் கதையையும் சொன்னார். ஏரியில் இன்ன இடத்தில் இன்ன நாளில் வலை போட இன்னாருக்கு முறை என்பதுதான் பாடு. முறை யாருடையது என்பது ஒரு கேள்வி. அன்றைக்கு யார் வலை போட்டான் என்பது இன்னொரு கேள்வி. இரண்டையும் ஒன்றாகக் குழப்பினால் கரையில் சண்டை வரும் என்பது அந்த ஊர்ப் பிள்ளைகளுக்கும் தெரியும். உரிமை கோருகிறவர் யார், நிலத்தைக் கையில் வைத்திருப்பவர் யார் என்ற வித்தியாசம் நம் பதிப்பாசிரியர்களுக்குத்தான் பிடிபட மாட்டேன் என்கிறது.

"அங்கீகாரம் இருந்தால் அரசாங்கம், இல்லையென்றால் அமைப்பு" என்பது இவர்கள் வைத்திருக்கும் அளவுகோல். அதைப் போட்டுப் பார்ப்போமே! 1971 ஏப்ரல் 17ஆம் தேதி மெஹர்பூர் மாந்தோப்பில் வங்காள தேசத்தின் முஜிப்நகர் சர்க்கார் பதவி ஏற்றது; கல்கத்தாவிலிருந்து வேலை செய்தது. அதற்கு இடம் கொடுத்த இந்தியாவே அதை அங்கீகரித்தது டிசம்பர் 6ஆம் தேதிதான். அப்படியானால் ஏப்ரல் முதல் டிசம்பர் வரை அது "ஆதரவு அமைப்பு", ஏழாம் தேதி காலையில் அரசாங்கமா? இன்னொரு பக்கம், 1943 அக்டோபர் 21ஆம் தேதி சிங்கப்பூரில் சுபாஷ் போஸ் பிரகடனம் செய்த ஆஸாத் ஹிந்த் சர்க்காருக்கு ஜப்பான், ஜெர்மனி, இத்தாலி என்று ஒன்பது பேரின் அங்கீகாரம் இருந்தது. ஒன்பது பேரும் ஒரே முகாம்! மலேயாத் தோட்டங்களிலிருந்து தமிழர்கள் ஆயிரக்கணக்கில் அதன் சேனையில் சேர்ந்தது அந்த ஒன்பது முத்திரைகளைப் பார்த்தா? அது தன்னை "தற்காலிக சர்க்கார்" என்று அழைத்துக்கொண்டது. நாமும் அப்படியே அழைக்கிறோம். அதனால் பிரிட்டிஷ் சட்டம் ஒன்றும் செத்துப்போகவில்லை.

ஆகவே நான் சொல்வது இதுதான்: அந்தந்தச் சபை அந்தந்தக் காலத்தில் தனக்கு என்ன பெயர் வைத்துக்கொண்டதோ அதுவே தலைப்பு. எத்தனை பேர் ஒப்புக்கொண்டார்கள், ஒரு சாண் நிலமாவது கையில் உண்டா என்பதெல்லாம் முதல் வாக்கியத்தில், பளிச்சென்று. நாடுகடந்த தமிழீழ அரசாங்கத்தை எந்த நாடும் அங்கீகரிக்கவில்லை; அதன் கையில் நிலம் கிடையாது. இதை என் கட்டுரையின் முதல் வாக்கியத்திலேயே எழுதியிருந்தேன். எதையும் ஒளிக்கவில்லை.

கனடா சிநேகிதருக்கும் இதே பதில்தான். "நாடுகடந்த" என்ற சொல்லை எதிரி ஒட்டவில்லை ஐயா. அவர்களே தேர்ந்தெடுத்து வைத்துக்கொண்டார்கள். உங்கள் ஆசைக்காக அதை வெட்ட எனக்கு என்ன அதிகாரம்? நல்ல சொல்லும்கூட. சிலர் "நாடு கடத்தப்பட்ட அரசு" என்று எழுதுகிறார்கள். யாரோ சாக்கில் கட்டித் தூக்கிக்கொண்டு போன சர்க்கார் மாதிரியல்லவா இருக்கிறது! முஜிப்நகர்க்காரர்களை யார் கடத்தினார்கள்?

இந்த விதி எல்லா இடத்திலும் சுலபமாகச் செல்லும் என்று நான் சாதிக்கவில்லை. போலந்து இருக்கிறது. 1990 டிசம்பரில் தன் முத்திரைகளை வலேசாவிடம் ஒப்படைக்கும்வரை லண்டனில் ஒரு போலந்து சர்க்கார் இருந்தது. வார்சாவிலும் ஒன்று இருந்தது. இரண்டும் தன்னைப் போலந்து என்றே சொல்லிக்கொண்டது. அங்கே படகுக்காரப் பெரியவர் வழிதான்: லண்டன் வீட்டுக்காரர், வார்சா வீட்டுக்காரர். மேஜை எங்கே கிடக்கிறது என்பதைச் சொல். யார் யோக்கியன் என்பதைச் சொல்லாதே.

திபெத்து இன்னும் சிக்கல். 1959 ஏப்ரலில் முசூரியில் ஏற்பட்டு, மறு ஆண்டு தர்மசாலைக்குப் போன அந்த நிர்வாகத்தை உலகமே புகலிட சர்க்கார் என்கிறது. அவர்களோ 2011இல், தலாய் லாமா அரசியல் அதிகாரத்தைக் கைவிட்டபோது, திபெத்து மொழியில் சர்க்கார் என்ற சொல்லையே தங்கள் பெயரிலிருந்து எடுத்துவிட்டார்கள். அவர்களில் பலருக்கே அது பிடிக்கவில்லை. இங்கே என் மனம் அந்தப் பலரோடு இருக்கிறது. ஆனாலும் கட்டுரையின் தலைப்பு என் மனம் அல்லவே. 2011க்குப் பிறகு மத்திய திபெத்திய நிர்வாகம் என்றுதான் போட வேண்டும். பழைய பெயரைத் தேடி வருகிறவனுக்கு ஓர் அம்புக்குறி போட்டு வழி காட்டினால் போயிற்று.

"பெயரைச் சொன்னாலே இடத்தைக் கொடுத்துவிட்டதாகும்" என்று பயப்படுகிறவர்களுக்கு மறுபடியும் அந்த ஏரியைக் காட்டுகிறேன். இங்கிலீஷ்காரன் புலிகாட் என்றான். ஏரியின் பெரும்பகுதி இன்று ஆந்திரத்தில் இருக்கிறது. அங்கே பிரளய காவேரி என்றும் பெயர் உண்டு. நாம் பழவேற்காடு என்கிறோம். அங்கே நெய்த துணியின் பெயரால் மெக்சிகோவில் கைக்குட்டையையே பாலியகாத்தே என்கிறார்கள். அதனால் ஏரி மெக்சிகோவுக்குப் போய்விட்டதா?

கட்டுரையை நான் திரும்ப வாங்கிக்கொண்டேன். "இவ்வளவு சின்ன விஷயத்துக்கா?" என்று கேட்டார் அவர். சின்ன விஷயம் என்றால் நான் வைத்த தலைப்பையே விட்டுவிடுவதுதானே என்றேன். பதில் வரவில்லை. கட்டுரை என் மேஜை இழுப்பறையில் இருக்கிறது. தலைப்பை மாற்றாமல் போடுகிறவர் யாராவது கேட்டால் கொடுப்பேன்.