அளவு ஜாக்கெட்

தீபாவளி, பொங்கல் சமயங்களில் விழுப்புரம், திண்டிவனம் தையற்கடைகளின் வாசலில் சற்று நேரம் நின்று பார்ப்பவர்களுக்கு ஒரு விஷயம் நன்கு விளங்கும். மயிலம், விக்கிரவாண்டி, ஒலக்கூர் முதலிய பக்கங்களிலிருந்து பஸ் ஏறி வரும் நமது சகோதரிகள், ஒரு கையில் புதுத் துணியும் மற்றொரு கையில் ஒரு பழைய ஜாக்கெட்டுமாக நிற்பார்கள். அந்தப் பழையதற்கு "அளவு ஜாக்கெட்" என்று பெயர். பெரும்பாலும் தையற்காரர் உடம்பை அளப்பதில்லை. அந்தப் பழைய ஜாக்கெட்டையே அளக்கின்றார். அது தோளில் இறங்கியிருந்தால் புதியதும் இறங்கும். அது கைக்குழியில் பிடித்தால் புதியதும் பிடிக்கும். உடம்பு மாறினாலும் அளவு மாறாது. கேட்டால், "போன தடவையும் இப்படித்தானே இருந்தது" என்பதே பதில்.

நமது சாஸ்திர சம்பிரதாயங்களின் யோக்கியதையும் இதுதான் அல்லவா? பாட்டன் காலத்து அளவைப் பேரன் உடம்பில் மாட்டிவிட்டு, மூச்சு முட்டினால் உடம்பைக் குறை சொல்லுகின்றோம்.

தையற்காரத் தோழர்கள்மீது நமக்குச் சிறிதும் பகையில்லை. அந்நிய ஆண்பிள்ளை அளவு எடுப்பதில் பெண்களுக்குக் கூச்சம். பண்டிகைக் கூட்டத்தில் அவருக்கோ அவகாசமில்லை. ஆகவே, தம் உடம்பைத் தாமே அளந்து, தம் துணியைத் தாமே வெட்டித் தைத்துக்கொள்ளப் பெண்கள் கற்க வேண்டும் என்கின்றோம்.

இது அற்ப விஷயம் என்று யாரும் நினைக்க வேண்டாம். திருவிதாங்கூரில் நாடார் பெண்கள் மார்பை மறைத்துக்கொள்ளும் உரிமைக்காகப் பல்லாண்டுகள் அடிபட்டுப் போராடினார்கள். 1859-ம் வருஷத்தில்தான் நாடார் பெண்கள் அனைவரும் ரவிக்கை போடலாமென்று அரசாங்கம் உத்தரவிட்டது. அப்பொழுதும் மேல்சாதிப் பெண்களைப்போல் மேலாடை அணியக் கூடாது என்ற நிபந்தனையோடு! இராமநாதபுரம் ஜில்லாவில் 1930 டிசம்பரில் ஆதிதிராவிடர்களுக்கு விதிக்கப்பட்ட எட்டுத் தடைகளில், ஆண்கள் சட்டை, பனியன் போடக் கூடாது, பெண்கள் ரவிக்கை போடக் கூடாது என்பவையும் இருந்தன. ஒரு முழத் துணிக்கு இவ்வளவு பயந்தது சாதி! அத்துணியை நமது இஷ்டப்படி வெட்டத் தெரிந்துகொள்வது வெறும் சிக்கன விஷயம் மாத்திரமல்ல.

வேலையோ கடினமல்ல, வேண்டுவது கணக்கு. மார்புச் சுற்றளவு 36 அங்குலமானால் நாலில் ஒரு பாகம் 9 அங்குலம். துணியை நாலாக மடித்து, அந்த 9 அங்குலத்துடன் மூச்சுவிடக் கொஞ்சம் தளர்வும், தையலுக்குள் போகும் துணியும் சேர்த்துக் கோடு போட வேண்டும். பருத்தித் துணியானால் முதலில் நனைத்து உலர்த்த வேண்டும். இல்லாவிட்டால் தைத்தபின் சுருங்கும். புதுத் துணியில் கத்தரி வைக்குமுன் பழைய வேஷ்டியில் வெட்டி, ஓட்டுத் தையல் போட்டு, அணிந்து, கையைத் தூக்கிப் பார்க்க வேண்டும். கைக்குழியைத் தாழ்த்தினால் சுகமாயிருக்கும் என்று பலர் நினைக்கின்றனர். தாழ்ந்த கைக்குழிதான் கையைத் தூக்கும்போது ஜாக்கெட் முழுவதையும் மேலே இழுக்கின்றது. கால்சட்டைக்கோ, நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்து, இடுப்பிலிருந்து பலகைவரை அளந்தால் உட்காருவதற்கு வேண்டிய ஆழம் கிடைத்துவிடும். இப்படி அளந்து, போட்டுப் பார்த்து, தப்பைத் திருத்துவதுதான் பகுத்தறிவு.

ஆனால் நமது ஜனங்கள் செய்வதென்ன? துணி எடுக்கவும் உடுத்தவும் பஞ்சாங்கத்தில் நாள் பார்க்கின்றார்கள். விளக்கு வைத்தபின் ஊசி கொடுக்கக் கூடாதென்கின்றார்கள். அமெரிக்காவில் சிங்கர் என்பவர் தமது தையல் யந்திரத்திற்கு 1851-ல் உரிமை பெற்றார். பட்டரிக் என்னும் தையற்காரர் 1863-ல் பல அளவுகளில் காகித மாதிரிகள் செய்து விற்கலானார். வீட்டிலிருந்தே தைக்க வழி பிறந்தது. இவர்கள் எந்த ராகுகாலம் பார்த்தார்கள்? நாமோ அந்த யந்திரத்திற்கே ஆயுத பூஜையன்று சந்தனமும் குங்குமமும் பூசுகின்றோம். யந்திரம் கேட்பது எண்ணெய். நாம் கொடுப்பது பொட்டு!

கடைசியாக ஆண்களுக்கு ஒரு வார்த்தை. நம் ஊர்க் கடைத்தெருக்களில் கூலிக்குத் தைக்கும்போது தையல் ஆண்களின் தொழிலாகவே வெகுகாலம் இருந்தது. கூலியில்லாத வீட்டில் மாத்திரம் கிழிசல் தைப்பது பெண்களின் தர்மமாகிவிட்டது. இது என்ன நியாயம்? சமையலும் குழந்தையும் போதாதென்று குடும்பத்தார் அனைவருடைய துணியையும் பெண் தலையில் கட்டுவதற்காக நாம் இதை எழுதவில்லை. பையன்களும் பட்டன் வைக்கவும் ஓரம் மடித்துத் தைக்கவும் கற்க வேண்டும். பெண் பிறருக்குத் தைத்துச் சம்பாதித்தால் அந்தப் பணம் அவள் பெயரிலேயே இருக்க வேண்டும். கணவனை இழந்தவர், கைவிடப்பட்டவர் முதலியோருக்குச் சத்தியவாணி முத்து அம்மையார் பெயரால் தமிழ்நாடு அரசாங்கம் இலவசத் தையல் யந்திரம் கொடுக்கத் திட்டம் வகுத்திருக்கின்றது. யந்திரம் இருந்தால் மட்டும் போதாது. வெட்டத் தெரிந்தவளே பிறர் கையை எதிர்பாராதவள்.

ஆகவே சகோதரிகளே! ஓர் அளவு நாடாவும் ஒரு நல்ல கத்தரியும் வாங்குங்கள். பழைய அளவு ஜாக்கெட்டைக் கரித்துணிக்குப் போடுங்கள். உங்கள் உடம்பு உங்களுடையது. அதன் அளவையும் நீங்களே எடுங்கள்.