வெயில் யார் சொத்து?

தோழர்களே, செட்டிநாட்டு வெயிலில் நம்ம சனத்தைவிட அதிகம் காய்ந்தவர் யார்? அதே வெயிலிலிருந்து கரண்டு எடுக்கும் வித்தை மட்டும் நமக்கு எட்டாததா?

பக்கத்து மாவட்டத்துக் கமுதியில் 2016இல் 648 மெகாவாட் சூரிய மின்நிலையம் எழும்பியது. ஒன்றிய அரசின் 2024ஆம் ஆண்டுத் திட்டம் 3 கிலோவாட்டுக்கு 78,000 ரூபாய் மானியம் என்கிறது. ஆனா சொந்த வீடு, தகடு தாங்கும் கூரை, மின் இணைப்பு எல்லாம் இருக்கணுமாம். பட்டா இல்லாத சேரிக் குடிசை எங்கே போகும்?

பட்டாவுக்கும் இணைப்புக்குமான போராட்டத்தை விடக்கூடாது. அதுவரை இருட்டிலும் கிடக்கக்கூடாது. 40 வாட் தகடு, 12 வோல்ட் பேட்டரி, சார்ஜ் கன்ட்ரோலர், ஃபியூஸ் போதும். கன்ட்ரோலரில் முதலில் பேட்டரியை மாட்டணும், பிறகுதான் தகடு. ஐந்து மணி நேர நல்ல வெயிலுக்கு 200 வாட்மணி கணக்கு. 9 வாட் எல்.இ.டி. பல்பு இரண்டு, ஐந்து மணி நேரம் எரிய 90தான் வேணும். சேதாரம் போனாலும் பிள்ளைங்க படிக்கலாம்.

ராஜஸ்தான் திலோனியாவில் எழுத்தறியாத பெண்களே இதைக் கற்றுச் செய்கிறார்கள். நம்ம காரைக்குடியில், 1948இல் அடிக்கல் நாட்டிய மத்திய மின்வேதியியல் ஆய்வகத்தில் பேட்டரி ஆராய்ச்சியே நடக்கிறது. அந்த அறிவு மதில் தாண்டிச் சேரிக்கு வரணும்னு கேட்போம்.

மாணவத் தோழர்களே, லீவுக்கு ஊருக்குப் போனால் விளக்கை மாட்டிக் கொடுத்துவிட்டுத் திரும்பாதீர்கள். மாட்டவும் பழுது பார்க்கவும் தெரிந்த ஐந்து பேரைச் சேரியில் உருவாக்கிவிட்டு வாருங்கள்.