பழைய தண்டவாளமும் புது மெருகும்

இங்கிலாந்திலே பழைய வீடுகளின் பரண்களிலிருந்து இன்றும் விளையாட்டுப் புகையிரதப் பெட்டிகள் வெளிவருகின்றன. லிவர்ப்பூல் நகரத்து மெக்கானோ நிறுவனத்தார் 1938ஆம் ஆண்டில் வெளியிட்ட ஹோர்ன்பி டப்ளோ அவற்றுள் பெயர்பெற்றது. பாட்டனார் ஓட்டிய வண்டியைப் பேரன் ஓட்ட முயல்கிறான். அதுவோ அசைய மறுக்கிறது. உடனே மோட்டாரைக் கழற்றத் தொடங்குவதே பலரின் வழக்கம். குற்றமோ பெரும்பாலும் தண்டவாளத்திலேயே இருக்கும்.

இங்கே தண்டவாளம் வழி மட்டுமன்று, மின்கம்பியும் அதுவே. வண்டிக்கு வேண்டிய 12 வோல்ற்று மின்சாரம் அதன் வழியாகவே செல்கின்றது. சில்லு தொடுமிடமோ மிகச் சிறிது. அவ்விடத்தில் எண்ணெய்ப் பசையும் தூசியும் தீப்பொறி விட்டுச்சென்ற கரியும் படிந்தால் மின்னோட்டம் தடைப்படும். உருக்கிற் பிடித்த துருவும் பித்தளையிற் படர்ந்த ஒட்சைட்டும் அவ்வாறே தடுக்கும். பிற்காலத்தார் விரும்பிய 'நிக்கல் வெள்ளி' துருப்பிடியாது. (பெயரைக் கண்டு மயங்கற்க: செம்பு, நிக்கல், நாகம் என்பவற்றின் கலப்பு அது, வெள்ளி அதில் இல்லை.)

மணற்றாள் கொண்டு தேய்ப்பாரும் உளர். அதனை நாம் ஒருபோதும் ஏற்கோம். அது இடும் நுண்கீறல்களிலே அழுக்கு விரைந்து மீண்டும் குடிபுகும். வெள்ளீயம் பூசிய தகரத் தண்டவாளமாயின் கேடு இன்னும் பெரிது. பூச்சு நீங்கியதும் உள்ளிருக்கும் உருக்கு துருவுக்கு இரையாகிவிடும். போன பூச்சை எளிதில் மீட்கவும் இயலாது. உருக்குக் கம்பிப் பஞ்சும் ஆகாது. அதன் துகள்களை மோட்டாரின் காந்தம் இழுத்துக்கொள்ளும்.

மின்னிணைப்பை முதலில் நீக்குக. நூல் உதிராத துணியில் ஐசோபுரோப்பைல் அற்ககோலைச் சிறிதளவு நனைத்து, தண்டவாளத்தின் மேற்பரப்பையும் உள்விளிம்பையும் துணியிற் கறுப்பு ஏறாத வரை துடைக்கவேண்டும். எளிதிற் தீப்பற்றும் திரவமாதலின் சாளரங்களைத் திறந்து வைத்தல் நன்று. வர்ணம் தீட்டிய தளத்தில் அது படாமலும் பார்க்கவேண்டும். பழைய டப்ளோவிலே மின்சாரத்தை ஏற்று வரும் நடுத்தண்டவாளம் ஒன்று உண்டு. அதனை மறந்துவிடுவோர் பலர். பின்னும் கறை நீங்காவிடில், இதற்கெனவே விற்கப்படும் தேய்ப்பு ரப்பரால் மென்மையாகத் தேய்க்கலாம். இணைப்புத் தகடுகள் தளர்ந்திருப்பின் குறட்டினால் மெல்ல அழுத்துக.

குழிவிழத் துருவேறிய துண்டுகளைச் சுரண்டிப் பயனில்லை. பெட்டிகள் நிற்கும் பக்கப்பாதைக்கு அவை போதும்.