மாப்பிள்ளை வாட்சும் மணிக்கட்டு அரிப்பும்

போன மாசம் ஓபி-ல ஒரு தம்பி வந்தார். கல்யாணமாகி நாலு மாசம். இடது மணிக்கட்டைச் சுத்தி செவசெவன்னு தடிப்பு, நீர் கசிவு. "வேர்க்குரு சார், ஆயின்மென்ட் எழுதிக் கொடுங்க"ன்னார்.

மதுரை வெயில்ல வேர்க்குரு சகஜம்தான். ஆனா வேர்க்குரு வளையல் மாதிரி வராது. வாட்ச் கொக்கி இருக்கிற இடத்துல தடிப்பு இன்னும் அதிகம். "வாட்ச் கட்டுவீங்களா தம்பி?"

பாக்கெட்ல இருந்து எடுத்தார். தங்கமும் ஸ்டீலும் கலந்த ரோலெக்ஸ் டேட்ஜஸ்ட். கண்ணாடியைச் சுத்தி வைரக் கல். மாமனார் சீரா போட்டது. ஆன்லைன்ல செகண்ட்ஹேண்டா, இரண்டே கால் லட்சம். விளம்பரத்துல இருந்தது "ஒரிஜினல் ரோலெக்ஸ்" மட்டும்தான்.

(அவர் அனுமதியோடதான் எழுதறேன். அடையாளம் தெரியக்கூடாதுன்னு ஊரைச் சொல்லல.)

முதல்ல மருத்துவம். இது நிக்கல் ஒவ்வாமை. நல்ல ஸ்டீல்லயும் நிக்கல் உண்டு, ஆனா அது இறுகப் பிணைஞ்சிருக்கும், லேசுல வெளிய வராது. மலிவான உலோகத்து மேல தங்க முலாம் பூசின செயின் அப்படி இல்ல. வேர்வை பட்டு முலாம் தேயும், நிக்கல் கரைஞ்சு தோலுக்குள்ள போகும். ஐரோப்பாவுல தோலோட ஒட்டிக் கிடக்கிற பொருள்ல இருந்து ஒரு சதுர சென்டிமீட்டருக்கு வாரத்துக்கு 0.5 மைக்ரோகிராம் நிக்கலுக்கு மேல வெளிய வரக்கூடாதுன்னே சட்டம் இருக்கு.

ஒருதடவை இந்த ஒவ்வாமை வந்தா பெரும்பாலும் ஆயுசுக்கும் கூட வரும். நாளைக்கு பெல்ட் பக்கிள், கவரிங் நகைன்னு எது பட்டாலும் அரிக்கும். ஆயின்மென்ட் தற்காலிகம்தான். காரணத்தைக் கழட்டி வைக்கிறதுதான் வைத்தியம்.

ரோலெக்ஸ்ல எப்படி இந்தச் செயின்? டவுன் ஹால் ரோடு பக்கம் எனக்குத் தெரிஞ்ச ஒரு பெரியவர் நாப்பது வருஷமா வாட்ச் ரிப்பேர் பாக்குறார். அவர்கிட்ட காட்டச் சொன்னேன். திறந்து பாத்துட்டுச் சொன்னார்: மெஷின் ஒரிஜினல். டயல் மறுபடி பெயிண்ட் அடிச்சது. வைர வளையம் வெளிய செஞ்சு மாட்டினது. செயின் டூப்ளிகேட்.

முழுப் போலியும் இல்ல, முழு அசலும் இல்ல. இதுதான் ஆபத்தே. சந்தேகப்பட்டு யார்கிட்ட காட்டினாலும் "உள்ள மெஷின் ஒரிஜினல்தான்பா"ன்னு பதில் வந்துடும். வாங்கினவரும் நிம்மதியாயிடுவார்.

இது ரோலெக்ஸோட நிக்கல. நம்ம அப்பா, தாத்தா கட்டின எச்.எம்.டி-யைப் பாருங்க. 1961-ல ஜப்பானோட சிட்டிசன் நிறுவனத்தோட சேர்ந்து பெங்களூர்ல தொடங்கினது. 2016-ல மூட மத்திய அரசு முடிவு பண்ணுச்சு. இன்னிக்கு ஆன்லைன்ல கிடைக்கிற பளபளா கலர் எச்.எம்.டி-கள்ல நிறைய, பழைய மெஷின் மேல புது டயல் பெயிண்ட் அடிச்சது. சேகரிக்கிறவங்க இதுக்கு வெச்ச பேரே "மும்பை ஸ்பெஷல்".

அப்போ மாத்துறதே குத்தமா? இல்ல. அமெரிக்காவுல ரெண்டு வழக்கு பாருங்க.

பெக்கர்டைம்னு ஒரு நிறுவனம், பழைய ரோலெக்ஸ்ல வெளி வைர வளையமும் வெளிச் செயினும் மாட்டி "அசல் ரோலெக்ஸ்"னு வித்தது. இது வாங்குறவங்களைக் குழப்பும், வர்த்தக முத்திரை மீறல்னு 2024-ல மேல்முறையீட்டு நீதிமன்றம் உறுதி செஞ்சது. இன்னொண்ணு வோர்டிக். பழைய ஹாமில்டன் பாக்கெட் வாட்ச் மெஷினை வெச்சு கைக்கடிகாரம் செஞ்சாங்க. ஆனா புதுப்பிச்சதுன்னு வெளிப்படையாச் சொன்னாங்க. 2021-ல அவங்க ஜெயிச்சாங்க.

ரெண்டுலயும் வாட்சை மாத்திருக்காங்க. வித்தியாசம், ஒருத்தர் மறைக்காம முழுசாச் சொன்னதுதான். என் கருத்தும் அதுவே. மாத்துறது தப்பில்ல, மாத்தினதை மறைச்சு அசல் விலைக்கு விக்கிறது ஏமாத்து.

பணம் போறதோட முடியாது. வெளிப் பாகம் இருக்கிற வாட்சை கம்பெனி சர்வீஸ் சென்டர் பெரும்பாலும் எடுத்துக்க மாட்டாங்க. திறந்து மாத்தினதுல ரப்பர் வளையம் சரியா உக்காரலன்னா தண்ணி உள்ள போயிடும். திருப்பி விக்கும்போதுதான் உண்மையான விலை தெரியும்.

ஒரு எச்சரிக்கை கூடுதலா. 1960-களுக்கு முன்னாடி வந்த பல வாட்ச்ல இருட்டுல ஒளிர ரேடியம் பூசியிருப்பாங்க. ஒளி மங்கியிருக்கும், ஆனா ரேடியம் அப்படியே இருக்கும். பாதியாக் குறையவே சுமார் 1600 வருஷம். மூடின வாட்சால ஆபத்து குறைவு. திறந்து டயலைச் சுரண்டினா அந்தத் தூசி உள்ள போகும், உடம்பு அதைக் கால்சியம்னு நினைச்சு எலும்புல சேத்து வெச்சுக்கும். 1920-கள்ல அமெரிக்காவுல பிரஷ்ஷை உதட்டால கூராக்கி டயல் பூசின பெண்கள் தாடை எலும்பு அழுகிச் செத்தாங்க. பழைய வாட்சை வீட்ல நீங்களே திறக்காதீங்க.

வாங்கியே ஆகணும்னா:

• டயல், செயின், வளையம், மெஷின் நாலும் கம்பெனியோடதான்னு தனித்தனியா எழுத்துல கேளுங்க. "ஒரிஜினல்"ங்கிற ஒத்த வார்த்தை பத்தாது.
• பின்மூடி திறந்த போட்டோ, பில், சர்வீஸ் ரசீது கேளுங்க.
• நேர்ல, உங்களுக்குத் தெரிஞ்ச மெக்கானிக் முன்னாடி பாத்துட்டுப் பணம் குடுங்க.
• புதுசு பத்து லட்சத்தைத் தாண்டுற பொருள் ரெண்டு லட்சத்துக்கு வந்தா, ஏன்னு கேளுங்க.
• ஆன்லைன்ல பணம் ஏமாந்தா உடனே 1930. கடைக்காரர் மேல நுகர்வோர் புகார்னா 1915.

அந்தத் தம்பிக்கு இப்ப தடிப்பு ஆறிடுச்சு. வாட்ச் பீரோவுல இருக்கு. போகும்போது ஒண்ணுதான் கேட்டார்: "மாமாவுக்குத் தெரிய வேணாம் சார். நகையை வெச்சு வாங்கினது."

அதனாலதான் இவ்வளவு நீளமா எழுதறேன். ஏமாத்தினவனுக்கு அது இன்னொரு விற்பனை. இங்க ஒரு அப்பா தன் பொண்ணுக்காக அடகு வெச்ச நகைக்கு இன்னும் வட்டி கட்டிட்டிருக்கார். சீர்ங்கிற பேர்ல ரோலெக்ஸ் கேக்காதீங்க, குடுக்கவும் செய்யாதீங்க. ஆயிரம் ரூபாய் வாட்சும் அதே நேரத்தைத்தான் காட்டும்.