ஒளிக்கற்றையை நேர்ப்படுத்தல்

பாலக்காட்டுத் தோற்பாவைக் கூத்தில் திரைக்குப் பின் 21 விளக்குகள் எரிகின்றன. அவ்வொளி பரவி வருவது. விளக்கொன்று சற்று விலகினும் நிழல் கெடுவதில்லை. லேசர்க் கற்றையோ பிழை பொறாதது. கண்ணாடி ஒரு பாகை திரும்பினால் கற்றை இரு பாகை விலகும். 5 மீட்டருக்கு அப்பாலுள்ள சுவரில் புள்ளி 17 சென்டிமீட்டர் தள்ளி விழும்.

ஆதலின் சித்தூர், தேவிகுளம் வட்டங்களின் தமிழ்வழிப் பள்ளிகளில் லேசர் ஒளிக்காட்சிக் கருவியைத் தாமே அமைக்க விழையும் ஆசிரியர்கள் ஆற்றல் மிகுந்த லேசரைத் தேடி அலைதல் வேண்டா என்பது என் கருத்து. இரு சிறு மோட்டார்களின் அச்சில் சற்றே சாய்த்து ஒட்டிய கண்ணாடிகள் போதும். முதலாவது வரையும் வட்டம் முழுதும் இரண்டாவதன் பரப்பினுள் அடங்குமாறு நெருக்கி வைப்பதிலேதான் பாடு முழுவதும் இருக்கிறது. இதனை 'நேர்ப்படுத்தல்' என மொழிபெயர்த்தேன். அதற்கு வேண்டும் பொறுமையை அச்சொல் உணர்த்தவில்லை.

1 மில்லிவாட்டுக்கு மேற்படாத சிவப்பு லேசரே தக்கது. தற்செயலாகக் கண்ணிற் பட்டாலும் கால் வினாடியில் இமை மூடிக் காக்கும். கடைத்தெருப் பச்சைச் சுட்டிகளிற் சில, மேலொட்டிய சீட்டில் கண்ட அளவைப் பன்மடங்கு மீறுவதோடு, கட்புலனாகா அகச்சிவப்புக் கதிரையும் கசியவிடுகின்றன. எதுவாயினும், அமர்ந்திருக்கும் மாணவரின் கண்மட்டத்தில் கற்றை செல்லலாகாது.